மெய்நிகர் உலகில் மாற்றுத்திறனாளியின் அவதார்: அறைக்குள் நுழையும் முன் செய்ய வேண்டியவை

கணினி உருவாக்கும் மெய்நிகர் தளங்களில் தம்மைக் குறிக்கும் உருவமான அவதாரை அமைக்கும் மாற்றுத்திறனாளிகள் தம் சக்கர நாற்காலியையோ செவித்துணைக் கருவியையோ காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். அந்த முடிவு அவரவருக்கே உரியது, ஏன் என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெட்டா நிறுவனம் தன் அவதார்களுக்குக் காக்ளியர் கருவியையும் (அறுவை சிகிச்சையால் உட்காதில் பொருத்தப்படும் கேட்புக் கருவி) செவித்துணைக் கருவியையும் பொருத்திக்கொள்ள வழிசெய்தது. பலர் கூடிப் பேசும் மெய்நிகர் தளமான விஆர்சாட்டில் (VRChat) அவதாரை நாமே வடிவமைத்துப் பதிவேற்றலாம் என்பதால் பார்வையற்றோரின் வெண்கோல், செயற்கைக் கால் போன்றவற்றையும் சேர்க்க முடியும்; ஆனால் புதுக் கணக்குக்கு அந்த அனுமதி சிறிது காலம் கழித்தே கிடைக்கும்.

அடையாளத்தை வெளிக்காட்டும்போது கேலியும் அத்துமீறலும் வரக்கூடும் என்பது வேதனையான உண்மை. ஆகவே பொது அறைக்குள் நுழையும் முன்பே, பிறர் மிக அருகில் வருவதைத் தடுக்கும் தனிவெளி அமைப்பை இயக்கி வையுங்கள். 2022 பிப்ரவரியில் மெட்டாவின் மெய்நிகர் தளமான ஹொரைசன் வேர்ல்ட்ஸில் அறிமுகமான இத்தகைய எல்லை, இரு அவதார்களுக்கிடையே சுமார் 4 அடி இடைவெளியை உண்டாக்கியது. ஒலியடக்குதல், தடைசெய்தல், புகாரளித்தல் ஆகியவற்றுக்கான பொத்தான்கள் எங்குள்ளன என்பதையும், உங்கள் கைகளின் இயக்கத்துக்கு அவை எட்டுகின்றனவா என்பதையும் தனி அறையில் பழகிப் பாருங்கள். கருவி தெரியும் அவதார் ஒன்றையும் தெரியாத அவதார் ஒன்றையும் சேமித்து வைத்தால், இடத்துக்கும் அன்றைய மனநிலைக்கும் ஏற்ப உடனே மாற்றிக்கொள்ளலாம்.