கன்னத்தில் பச்சைத் திட்டு வராமல் வெக்டார் தோற்றம்

ஒரு முகப்படத்தை வெக்டார் ஓவியம் போல, அதாவது தெளிவான விளிம்புள்ள சில தட்டையான நிறங்களாக மாற்ற, போட்டோஷாப்பில் அதன் மேல் நேராக போஸ்டரைஸ் (நிறப் படிகளைக் குறைக்கும் வசதி) போட்டேன், லெவல் 4. கன்னத்தில் பச்சைத் திட்டு, நெற்றியில் ரோஸ் கறை. போஸ்டரைஸ் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் தனித்தனியாக வெட்டுகிறது. 4 என்றால் 4 நிறமல்ல, 64 வரை போகும். தோலில் மூன்று சேனலும் ஒரே இடத்தில் படி மாறாது; அந்த இடைவெளியில்தான் வேண்டாத நிறம் முளைக்கிறது.

சரியானது இப்படி. 2000 பிக்சல் அகலப் படத்தில் முதலில் சர்ஃபேஸ் பிளர் (விளிம்பை விட்டுவிட்டுப் பரப்பை மட்டும் மழுப்பும் ஃபில்டர்): ரேடியஸ் 12, த்ரெஷோல்ட் 18. பிறகு மீடியன் (சிறு புள்ளிகளை நீக்கும் ஃபில்டர்) 5. இதைத் தவிர்த்தால் தோலின் துளைகளும் நாய்ஸும் பொரிப்பொரியான விளிம்பாகிவிடும். எல்லாவற்றையும் ஒரேபோல மழுப்பும் காஸியன் பிளர் வேண்டவே வேண்டாம், கண்ணிமைக் கோடு கரைந்துவிடும்.

அதன்மேல் படத்தைச் சாம்பலாக்கி மூன்று சேனலையும் சமமாக்கும் பிளாக் அண்ட் வொயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். இங்கேதான் நிதானம் தேவை. ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுக்கும் என்பதைச் சொல்லும் ஸ்லைடர்களில் ரெட்ஸை 40-லிருந்து 20-க்கு இறக்கி, யெல்லோஸை 80-க்கு ஏற்றினேன். தோல் வெளுத்தது, உதடு இருண்டு தனியாகப் பிரிந்து நின்றது. ரெட்ஸை ஏற்றியிருந்தால் உதடு கன்னத்தோடு கலந்து காணாமல் போயிருக்கும்.

அடுத்து போஸ்டரைஸ் 5, எல்லாவற்றுக்கும் மேலே கிரேடியன்ட் மேப் (சாம்பல் படிகளுக்கு நிறம் கொடுக்கும் லேயர்). அதில் நிறப்புள்ளிகளை 0, 25, 50, 75, 100-இல் வைத்தால் ஒவ்வொரு சாம்பல் படிக்கும் நீங்கள் கொடுத்த நிறமே விழும். நிழலுக்குக் கறுப்பைவிட அடர்நீலம் அழகு.

இதுவும் பிக்சல் படம்தான். பேனர் அளவுக்குப் பெரிதாக்க இங்க்ஸ்கேப் என்ற வெக்டார் மென்பொருளில் டிரேஸ் பிட்மேப் (பிக்சல் படத்தை வெக்டார் வடிவங்களாக்கும் வசதி) செய்யுங்கள், கலர்ஸ், 5 ஸ்கேன்.