காருக்குள் ஏறும் சூடு: அளப்பதிலும் தவறு, நினைப்பதிலும் தவறு

வெயிலில் நிற்கும் காருக்குள் எவ்வளவு சூடு என்று அளக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தெர்மாமீட்டரை டேஷ்போர்டின் மேல் வைத்துவிடுகிறார்கள். அங்கே கருவி காற்றின் சூட்டை மட்டுமா காட்டும், தன்மேல் நேராக விழும் வெயிலையும் சேர்த்தல்லவா காட்டும்? சீட்டின் ஹெட்ரெஸ்ட்டில் தொங்கவிட்டு, வெயில் படாமல் ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள்.

காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை வெளியே நின்று கண்ணாடிக்கு நேராக நீட்டுவது இன்னொரு கூத்து. அது கண்ணாடியின் சூட்டைத்தான் அளக்கும். உள்ளே சூடான சீட் வீசும் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை.

அதற்காக, அடைபட்ட கதிர்தான் முழுக் காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. 1909-ல் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், இன்னொன்றை அகச்சிவப்பு கடந்துபோகக்கூடிய பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சூடு! சூடான காற்று எழும்பி வெளியேற வழியில்லாமல் போவதுதான் முக்கியக் காரணம்.

‘அப்போ கண்ணாடியை ரெண்டு விரற்கடை இறக்கிவிட்டா போதுமே, பத்தே நிமிஷத்துல வந்துடுவோம்’ என்று சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பிள்ளையைக் காரிலேயே விட்டுத் துணி எடுக்கப் போகிறவர் சொல்லலாம். போதாது. 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்தும் சூடு ஏறும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. மொத்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணிக்குள் வந்துவிட்டது.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றை நம்புகிறவர்களும் உண்டு. காற்று தெருவைத்தான் குளிர்விக்கும். கண்ணாடி வழியே இறங்கும் வெயிலை அது என்ன செய்யும்? அதே ஆய்வில், வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்தபோதும் உள்ளே 47 வரை போனது. நம் கத்திரி வெயிலுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மர நிழலில் விட்டால் சூடு குறையும், உண்மைதான். ஆனால் வெயில் நகர நகர நிழலும் நகர்ந்துவிடும்.

சோதனைக்கென்று ஆளையோ நாயையோ உள்ளே உட்கார வைக்கவே கூடாது. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். பூட்டிய காருக்குள் துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்தால் ஓனரைத் தேடி அலையாதீர்கள். 108-ஐ அழையுங்கள், குழந்தை உட்கார்ந்திருக்கும் பக்கத்தை விட்டு மறுபக்க ஜன்னல் கண்ணாடியை உடையுங்கள்.