போர் தண்ணீரில் சிக்லிட் மீன் வளர்க்கலாம் வாங்க

மேட்டூர் அணை ஜிலேபிக் கெண்டையை ருசிக்காத வீடு நம்ம பக்கம் குறைவு. அதுவும் சிக்லிட்தான். தொட்டியில் வளர்க்கும் ஏஞ்சல், ஆஸ்கர், கேரளத்துக் கரிமீன் எல்லாம் அதே குடும்பம். இந்த மீன்களுக்குத் தொண்டைக்குள் இன்னொரு தாடை உண்டு. இரையை அரைப்பதை அது பார்த்துக்கொள்வதால், வாய் வேறு வேலைக்குப் பழகிக்கொண்டது: ஒன்று பாறைப் பாசியைச் சுரண்டும், ஒன்று மணலைச் சலிக்கும், ஒன்று அடுத்த மீனின் செதிலையே பிய்த்துத் தின்னும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் மட்டும் பல நூறு வகைகள்.

1. தண்ணீரைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுங்கள். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, ஏஞ்சலுக்கு ஏற்றது. பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீர் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தக் கடினத் தண்ணீரில் ஏஞ்சல் வளர்க்க, ஆர்ஓ தண்ணீர் கலந்து கலந்தே ஓய்ந்துபோனேன். மலாவி மீனுக்குக் கடினத் தண்ணீர்தான் வேண்டும், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7.8 முதல் 8.5 வரை இருந்தால் போதும். சோதித்துப் பாருங்கள். சாயக்கழிவு இறங்கிய போர் என்றால் வேண்டவே வேண்டாம்.

2. தொட்டி 4 அடி நீளம். கல்லை நேரே அடிக் கண்ணாடி மேல் தெர்மாகோல் விரித்து அடுக்குங்கள், மணலை அப்புறம் கொட்டுங்கள். இந்த மீன்கள் மணலைத் தோண்டும். மணல்மேல் வைத்த கல் ஒருநாள் சரிந்து கண்ணாடியை உடைக்கும்.

3. ஃபில்டரை ஓடவிட்டு, சிட்டிகை தீவனம் போட்டு, 4 முதல் 6 வாரம் பொறுங்கள். தீவனம் அழுகினால் அம்மோனியா வரும், அது நைட்ரைட்டாக மாறும், இரண்டும் மீனுக்கு நஞ்சு. அவற்றைத் தின்னும் பாக்டீரியா பெருக அவ்வளவு நாள் ஆகும். சோதித்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டிய பிறகே மீன்.

4. முதல் மீனாக எல்லோ லேப் வாங்குங்கள். மஞ்சள் நிறம், மலாவி மீன்களில் சாது. பத்துக் குஞ்சுகளை ஒரே நாளில் விட்டால் இடத்துக்குச் சண்டை குறையும். மார்கழிக் குளிருக்கு ஹீட்டரை 25 டிகிரியில் வையுங்கள்.

5. ஸ்பைருலினா என்ற பாசித் தூள் கலந்த தீவனம், கொஞ்சமாக, தினம் இரண்டு வேளை. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

ஒருநாள் ஒரு பெண் மீன் தீவனத்தைத் தொடாமல், தாடை உப்பி, கல்லிடுக்கில் நிற்கும். நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். வாய்க்குள் முட்டை இருக்கிறது. ஏறக்குறைய 3 வாரம் அப்படியே அடைகாக்கும். அதுவரை தொட்டிக்குள் வலை விடாதீர்கள், மிரண்டால் துப்பிவிடும்.