ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கு: குடியேறுமுன் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டுப் பெருநகரங்களில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு யாழ்ப்பாணத்தில் குடியேற வருபவர்கள் பெரும்பாலும் சுவர்ப்பூச்சையும் குளிரூட்டியையும்தான் முதலில் கவனிக்கிறார்கள். கவனிக்க வேண்டியது கிணற்றை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதையே குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் நம்பியிருக்கிறோம். அந்தக் கல் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது என்பதால், மலசலகூடக் குழியின் கழிவும் தோட்டங்களுக்கு இடும் உரமும் அதே நீருக்குள் எளிதாகக் கசிந்துவிடுகின்றன. ஆகவே குடிபுகுமுன் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து, கிருமி, நைத்திரேற்று (கழிவிலும் உரத்திலும் இருந்து நீரில் கரையும் இரசாயனம்), உவர் ஆகிய மூன்றையும் சோதிப்பியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை ஒருநாளும் அலட்சியம் செய்யக்கூடாது. கரையோரத்தில் வீடு என்றால், மோட்டரை நெடுநேரம் ஓடவிடுவதும் ஆகாது; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும், அதனால் கெடுவது உங்கள் கிணறு மட்டுமல்ல.

கனடாவிலிருந்து சமையல் இயந்திரங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. செருகியை மட்டும் மாற்றிப் போட்டால் முதல் நாளே புகை வரும்.

இவற்றையெல்லாம் பணத்தால் சரிசெய்துவிடலாம். பெருநகரத்தில் பழகிய முகமறியா வாழ்வு இங்கே கிடையாது என்பதற்குத்தான் மனதைப் பழக்க வேண்டும். கடையிலும் பேருந்திலும் கோயில் வீதியிலும் "நீங்கள் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்பார்கள். அதில் கொஞ்சம் வம்பும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் உங்களை எந்த உறவில் வைத்துப் பழகுவது என்று அறியவே பெரும்பாலும் கேட்கிறார்கள். உத்தியோகத்தையும் வெளிநாட்டு முகவரியையும் சொல்வதைவிட, பேரனார் பெயரையும் அவர் இருந்த ஒழுங்கையையும் சொல்லுங்கள். பேச்சு உடனே இளகும். சாவீட்டுக்கு அழைப்பை எதிர்பார்க்க வேண்டாம். அயலில் ஒருவர் இறந்தால், முன்பின் பழகாவிட்டாலும் போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டு வாருங்கள். பத்துத் தேநீர் விருந்து வைத்தும் கிடைக்காத நெருக்கம் அதில் கிடைப்பதைக் கண்டிருக்கிறேன். மதிலை ஆளுயரத்துக்கு எழுப்பி, கண்காணிப்புக் கமரா பூட்டி, படலையை எந்நேரமும் பூட்டியே வைத்திருப்பவர்களுக்கு அவசரத்தில் ஓட்டோ பிடித்துத் தரக்கூட ஆள் அகப்படுவதில்லை.

காணி வாங்கும் எண்ணமிருந்தால் அவசரப்படாதீர்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துவதால், இரட்டைக் குடியுரிமையை முதலில் பெற்றுக்கொள்வது நல்லது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி, காணியில் பங்குள்ளவர்களுக்கு அதை முதலில் வாங்கும் உரிமை இருக்கக்கூடும். உறுதி எழுதுமுன் நொத்தாரிசிடம் அதையும் கேட்டுத் தெளியுங்கள்.

நாளின் ஒழுங்கை வெயிலே வகுக்கிறது. சந்தைக்கும் கந்தோருக்கும் காலையிலேயே போய்விடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகலில் எவர் வீட்டுக்கும் போகாதீர்கள், அது அவர்கள் கண்ணயரும் நேரம். மீன் வேண்டுமென்றால் குருநகர், பாசையூர்ப் பக்கம் விடியலில் போக வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமைகளிலும், நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களிலும் பல சைவ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. நீங்கள் சமைத்தால் எவரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பொரிக்கிற மணம் மதிலைத் தாண்டிப் போகும்.