‘ஆரஞ்சு’ தமிழ்ச்சொல்லா? அடித்துச் சொல்லும் முன்

‘ஆரஞ்சு’ நம்மிடமிருந்து போன சொல் என்று மார்தட்டும் பதிவுகள் அடிக்கடி சுற்றுகின்றன. முழுப் பொய் இல்லை. சமஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நரான்ஹா என்ற வரிசையில் தகராறு கிடையாது. நாரங்கத்துக்குத் திராவிட வேர் இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையும் மலையாள நாரங்ஙாவும் அதற்குத் துணை நிற்கின்றன. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எந்தத் திராவிட மொழி என்பதற்குச் சான்று இல்லாதபோது தமிழின் பெயரில் பட்டா போட முடியாது.

சரி, முதலெழுத்து ‘ந’ எங்கே போனது? ஆங்கிலேயர் ‘எ நாரஞ்ச்’ என்பதை ‘ஆன் ஆரஞ்ச்’ என்று பிரித்துவிட்டார்கள் என்பது பிரபலமான கதை. கேட்க அழகுதான், ஆனால் தவறு. ஏப்ரனுக்கு அப்படி நடந்தது உண்மை. அது முன்பு ‘நேப்ரன்’. ஆரஞ்சோ ஆங்கிலத்துக்கு வருமுன்பே பிரெஞ்சில் ‘ந’ இழந்திருந்தது. இத்தாலியரும் அரான்ச்சா என்றே சொல்கிறார்கள். ஸ்பானியரும் ஹங்கேரியரும் ‘ந’வை விடவில்லை.

இன்னொரு தவறு, அந்தப் பெயரோடு போன பழம் இப்போது நாம் உரித்துத் தின்னும் இனிப்புப் பழம் என்று நினைப்பது. அரபுகள் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது கசப்பு ஆரஞ்சு. பிரிட்டனில் மார்மலேட் காய்ச்சுவதற்கு இன்றும் தேடி வாங்கும் செவில் ஆரஞ்சு அந்த வகைதான். நம் நார்த்தங்காயைப் போலச் சும்மா தின்ன ஆகாது. இனிப்புப் பழத்தை ஐரோப்பாவில் பரப்பியதில் பெரும்பங்கு போர்ச்சுகீசியருக்கு. அதனால் கிரேக்கத்தில் கசப்புக்கு நெரான்ட்சி, இனிப்புக்குப் போர்ச்சுகல் பெயரில் போர்த்தொகாலி. ருமேனியாவிலும் பல்கேரியாவிலும் இதே கதை. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவுக்கு நாரஞ்சைக் கொடுத்த அரபியிலேயே இப்போது இனிப்புப் பழம் ‘புர்துகால்’!

நிறத்தின் பெயர் முதலில், பழத்தின் பெயர் பிறகு என்பதும் தலைகீழ்தான். ஆங்கிலத்தில் நிறப்பெயர் 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது.

அப்புறம் நெதர்லாந்தின் ஆரஞ்சு அரச குடும்பம். பழத்துக்கும் அந்தப் பட்டத்துக்கும் வேரில் உறவில்லை. தெற்குப் பிரான்சில் ரோமானியர் காலத்தில் அரௌசியோ எனப்பட்ட ஊர், பேச்சு வழக்கில் தேய்ந்து ‘ஆரஞ்ச்’ ஆனது. 1544இல் நெதர்லாந்து அரச வம்சத்தின் முன்னோடியான நசாவ் குடும்பத்து வில்லியம் அந்த ஊரின் சிற்றரசுக்கு வாரிசானார். ஒலி ஒன்றானதால் நிறமும் ஒட்டிக்கொண்டு கால்பந்துச் சட்டை வரை வந்துவிட்டது. அதே நெதர்லாந்தில் பழக்கடைக்குப் போனால் கேட்க வேண்டியது ‘சினாஸ்அப்பெல்’, அதாவது சீனத்து ஆப்பிள்.