யூரோராக் மாட்யூலுக்கு வீட்டிலேயே அலுமினிய முகப்பு

யூரோராக் என்பது சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவியை மாட்யூல் என்ற தனித்தனிப் பகுதிகளாகக் கேஸில் அடுக்கும் முறை. சர்க்யூட் வேலை செய்தாலும் முகப்பு கோணலாக இருந்தால் மாட்யூல் கேஸில் உட்காராது. அதனால் எழுத்தும் வண்ணமும் பிறகு, முதலில் துளைகள்.

யூரோராக் முகப்பின் உயரம் 128.5 மி.மீ. அகலத்தை எச்பி (HP) என்ற அலகில் சொல்வார்கள். 1 எச்பி 5.08 மி.மீ. ஆனால் 10 எச்பி முகப்பைச் சரியாக 50.8க்கு வெட்டினால் பக்கத்து மாட்யூலோடு முட்டும், 50.5 போதும். எம்3 திருகுக்கான துளை 3.2 மி.மீ., மேல் கீழ் விளிம்பிலிருந்து 3 மி.மீ., இடது ஓரத்திலிருந்து 7.5 மி.மீ. வலப்பக்கத் துளையை அதிலிருந்து 5.08இன் மடங்கில் வையுங்கள். 10 எச்பிக்கு அது 7 மடங்கு, அதாவது 35.56 மி.மீ. தள்ளி.

தகடு 2 மி.மீ. அலுமினியம். 3 மி.மீ. அக்ரிலிக் பார்வைக்கு அழகுதான், ஆனால் ஒயர் செருகும் 3.5 மி.மீ. ஜாக்கின் மரை குட்டை. நட் பிடிக்க இடம் இருக்காது. சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் ஜாக்கும் பாட்டும் (பொட்டென்ஷியோமீட்டர், குமிழ் மாட்டித் திருப்பும் பாகம்) வாங்கினால் காலிப்பரால் அளந்த பிறகே வரையுங்கள். வழக்கமாக ஜாக்குக்கு 6 மி.மீ., 9 மி.மீ. ஆல்ஃபா பாட்டுக்கு 7 மி.மீ., 3 மி.மீ. எல்இடிக்கு 3.2 மி.மீ. துளை. ஜாக்குகளின் மையங்களுக்கு இடையே 14 மி.மீ. விட்டால் ஒயரைப் பிடுங்க விரல் நுழையும்.

இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் வரைந்து, ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் போட்டு அச்சிடுங்கள். அந்தக் கோடு 97 வந்தால் பிரின்டர் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கிவிட்டது என்று அர்த்தம். 100 சதவீதத்துக்கு மாற்றி மறுபடி அச்சிடுங்கள்.

தாளைத் தகட்டில் ஒட்டி, சென்டர் பஞ்சால் ஒவ்வொரு மையத்தையும் குத்துங்கள். குழி இல்லாவிட்டால் டிரில் நழுவும். 2 மி.மீ. பிட்டில் தொடங்கி, அடியில் மரக்கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டுத் துளையிடுங்கள். மெல்லிய தகட்டில் பெரிய பிட்டை நேராக இறக்கினால் துளை முக்கோணமாகிவிடும், 4 மி.மீ.க்கு மேல் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்தான் நல்லது. அதில் 7 மி.மீ. படி இல்லையென்றால் 6 வரை போய், மீதியை உருண்டை அரத்தால் ராவுங்கள். பிசிறை எடுக்கப் பெரிய பிட் ஒன்றைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றினால் போதும். வீவக அடுக்குமாடி வீட்டில் மேசைக்கால் வழியாகச் சத்தம் கீழ்வீட்டுக்கு இறங்கும். காலுக்கடியில் ரப்பர் பாய் போட்டு, பகலில் முடித்துவிடுங்கள்.

பிறகு 240, 400 எண் உப்புத்தாள்களால் ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் விரல் படக்கூடாது. எழுத்துக்கு, அச்சிட்டு நீரில் நனைத்து ஒட்டும் வாட்டர்ஸ்லைடு டீகால் தாள். இங்க்ஜெட் என்றால் நனைக்கும் முன் தெளிவான லாக்கர் அடித்தே ஆக வேண்டும், இல்லையேல் மை கரையும். பிரின்டர் வெள்ளை அடிக்காது. வெள்ளி நிறத் தகட்டில் கறுப்பு எழுத்தே எடுபடும். வெதுவெதுப்பான நீரில் ஊறியதும் தகட்டில் நழுவவிட்டு, மெல்லிய அட்டையால் நடுவிலிருந்து வெளியே தண்ணீரைத் தள்ளி, ஓரிரவு காயவிடுங்கள். துளைகளைப் புதிய பிளேடால் விளிம்புக்கு 1 மி.மீ. வெளியே வெட்டுங்கள். நட்டைத் திருகும்போது டீகால் கிழியாது, வெட்டிய விளிம்பும் வாஷருக்கு அடியில் மறையும்.

டீகால் மேல் அடிக்கும் லாக்கர்தான் நம் ஊரில் கழுத்தறுப்பது. கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுக்கும். காலையில் இங்கே ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும், அப்போது அடியுங்கள். ஏர்கான் அறையிலிருந்து எடுத்த தகட்டை உடனே வெளியே அடித்தால் கண்ணாடியில் மூடுபனி விழுவது போலத்தான். அரைமணி நேரம் வெளியில் வையுங்கள். மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் 15 நிமிட இடைவெளி. லேசாக வெளுத்திருந்தால் வறண்ட நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

கடைசியாக, ஜாக்குகளையும் பாட்டுகளையும் பிசிபி எனும் சர்க்யூட் பலகையில் செருகி, முகப்பை மாட்டி, நட்டுகளைப் பாதி இறுக்கிய பின்பே ஈயம் வையுங்கள். முதலில் ஈயம் வைத்தால் ஒரு பாட் அரை மி.மீ. சாய்ந்தாலும் முகப்பு ஏறாது.