புலிக் கணக்கெடுப்புக்கு கேமரா ட்ராப் கட்டுவது எப்படி?

வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் புலிகள் காப்பகத்துக்குள் ஒரு கேமரா ட்ராப்பும் (விலங்கு குறுக்கே போனால் தானாகப் படம் எடுக்கும் கேமரா) கட்டக்கூடாது. அனுமதி பெற்ற குழுவோடு முதல்முறை போகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

இடம்

வரைபடத்தில் இரண்டு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது இந்தியாவில் வழக்கம். கட்டத்துக்குள் எந்த மரத்தில் கேமராவைக் கட்டுவது என்பதை நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதுமலை மாதிரி உண்ணிச்செடி மண்டிய காட்டில் புலியும் சிறுத்தையும் முள்ளுக்குள் நுழைந்து சிரமப்படாது. ஜீப் பாதையிலும் காய்ந்த ஓடையிலும் சாவகாசமாக நடந்து வரும். கால்தடம், எச்சம், மண்ணைப் பிறாண்டிய அடையாளம் மூன்றையும் தேடுங்கள். கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டுவது

ஓர் இடத்துக்கு இரண்டு கேமரா, பாதையின் இருபுறமும். எந்தப் புலி என்பதை உடம்பு வரிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்; ஒரே புலியின் இடப்பக்க வரிகள் வேறு, வலப்பக்க வரிகள் வேறு. ஒரு கேமராவில் இன்று இடப்பக்கமும் நாளை வலப்பக்கமும் விழுந்தால், வந்தது ஒரு புலியா இரண்டா என்று சொல்ல முடியாது. இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள்; இல்லாவிட்டால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தைக் கெடுத்துவிடும்.

உயரம் 40 முதல் 50 செ.மீ., அதாவது உங்கள் முழங்கால் அளவு. பாதையின் நடுவிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி. சென்சார் சூட்டை வைத்து வேலை செய்கிறது: சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடம்பு குறுக்கே போனால் படம் எடுக்கும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் எடுக்கும். அதனால் எதிரே உள்ள புல்லை வெட்டிவிடுங்கள், லென்ஸைக் கிழக்கு மேற்காகத் திருப்பாதீர்கள்.

அப்புறம், வெட்கப்படாமல் நான்கு காலில் தவழ்ந்து கேமரா முன்னால் போய்ப் பாருங்கள். கேமராவின் விளக்கு எரிந்தால் சரி.

கடிகாரம்

ஒருமுறை நான் காலையையும் மாலையையும் மாற்றி வைத்துவிட்டேன். கும்மிருட்டில் போகும் சிறுத்தையின் படத்தில் ‘பகல் 1.10’. ஜோடி கேமராக்களின் படங்களைச் சேர்த்துப் பார்ப்பதே நேரத்தை வைத்துத்தான். தாளில் இட எண், தேதி, மணி எழுதி, அதையே முதல் படமாக எடுத்துவிடுங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை பேட்டரி, மெமரி கார்டு. ஈரத்துக்கு சிலிக்கா ஜெல். எறும்பு உள்ளே கூடு கட்டும். யானைக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிப் போடும், இரும்புக்கூடு இருந்தாலும்.

மொத்தம் 30 முதல் 45 நாள் போதும். மாதக்கணக்கில் இழுத்தால் நடுவே புலிகள் சாகும், புதிதாக வரும்; கணக்கு குழம்பும். பார்த்த புலியே எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதிலிருந்துதான் பார்க்காத புலிகளை மதிப்பிடுகிறோம். வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் செய்து காட்டிய முறை இது.

ஒன்றுமே இல்லாத படங்களை அழித்துவிடாதீர்கள். அன்றைக்குக் கேமரா உயிரோடுதான் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.